தபால் பெட்டியில் பெயர் ஒட்ட முடியுமா? ஸ்டுட்கார்ட்டில் முதல் வீடு தேடும் கதை

அக்கா மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் ஃபாயர்பாக் என்ற பகுதியில் அலுவலகம், அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். விசா கைக்கு வந்த அன்று ராத்திரியே, மதுரை புதூரில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் லேப்டாப்பை விரித்து வீடு தேட உட்கார்ந்துவிட்டான். நான் 2016லிருந்து 2021 வரை அந்த ஊரில் குப்பை கொட்டியவன். அதனால் தினமும் ஆஜர்.

ஒரு வாரத்தில் வடிகட்டி, ஸ்டுட்கார்ட்டிலும் பக்கத்து ஊர்களிலுமாக நாலு இடம் வைத்திருந்தான். போப்ளிங்கனில் ஊர்க்கார அண்ணன் ஒருவர் வீட்டில் ஓர் அறை, மாதம் 400 யூரோ. லுட்விக்ஸ்பர்க்கில் மூன்று பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறை, 620. ஃபாயர்பாக்கிலேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்த சின்ன வீடு, மூன்று மாதத்துக்கு மட்டும், மாதம் 1,250. பாட் கான்ஸ்டாட்டில் காலி வீடு, 850 வாடகை, அதற்கு மேல் 200.

"மாமா, இதுல யோசிக்க என்ன இருக்கு? நானூறுதான்," என்றான்.

அக்காவின் கேள்வி வேறு. "ஏன்டா தம்பி, அங்க ஒத்திக்கு வீடு கிடைக்காதா? அஞ்சு லட்சத்தக் குடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு, வரும்போது வாங்கிட்டு வந்துரலாம்ல?"

கிடைக்காது. ஒத்தி என்ற ஏற்பாட்டை அங்கே ஒருவருக்கும் விளக்கவே முடியாது. ஆனால் அக்கா கேட்டதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் வீடு பார்ப்பது என்றால் பணம், தண்ணீர், வீட்டுக்காரர் குணம், இந்த மூன்றுதான். ஜெர்மனியில் நாலாவதாக ஒன்று உண்டு, அதுதான் முதலில் பார்க்க வேண்டியது: அந்த முகவரியில் உன் பெயரைப் பதிவு செய்ய முடியுமா? அன்மெல்டுங் என்பார்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். 2015 நவம்பரிலிருந்து, வீடு கொடுத்தவர் 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று எழுதித் தரும் கடிதமும் கட்டாயம். பதிந்தால்தான் பதினோரு இலக்க வரி எண் தபாலில் வரும். அதைச் சம்பளப் பிரிவில் கொடுக்காவிட்டால் ஆக அதிகமான வரி வகுப்பில் பிடித்துவிடுவார்கள். பிற்பாடு கணக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம், ஆனால் கையில் காசில்லாத முதல் மூன்று மாதம்தானே சிக்கல்? பல வங்கிகளில் கணக்கு, குடியிருப்பு அனுமதி எல்லாம் இந்த ஒரு தாளைக் கேட்டுத்தான் நகரும்.

போப்ளிங்கன் அண்ணன் நல்லவர். போன் செய்தபோது ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "தம்பி, வீட்டுக்காரருக்குத் தெரியாம உள்வாடகைக்கு விடுறேன். பதிவு மட்டும் கேட்காதீங்க."

இந்த மாதிரி நானூறு யூரோ அறையில் நானே இருந்திருக்கிறேன். 2016இல் பாட் கான்ஸ்டாட்டில், இதே மாதிரி, இதே பேச்சு. சமையல் சேர்ந்து, பேச்சு தமிழில், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. முதல் மாதம் சொர்க்கம். வங்கியிலிருந்து கார்டு ஒரு கவரிலும் ரகசிய எண் இன்னொரு கவரிலும் வரவேண்டும். இரண்டும் வரவில்லை. விசாரித்தால், தபால் திரும்பிப் போயிருக்கிறது. அங்கே அடுக்குமாடியில் பிளாட் எண் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மூன்றாம் மாடி இடதுபக்கம் என்று கவரில் எழுதினாலும் தபால்காரர் பார்ப்பது கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். பெயர் இல்லையா, ஆள் இல்லை. நான் ஒரு துண்டுச் சீட்டில் பெயரெழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். இரண்டே நாளில் அதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நின்றேன். இடம் கொடுத்த அண்ணனுக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உதவி செய்யப் போய்த்தான் மாட்டிக்கொண்டார். ஆனால் 400 என்பது சீப் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் முதல் இடம் அடிபட்டது. போப்ளிங்கன் அண்ணனை விட்டுவிடவில்லை, அவருக்கு வேறு வேலை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது, காலி வீடு. மருமகனுக்கு இதில்தான் ஆசை. படத்தில் பளிச்சென்ற மரத்தரை, பெரிய ஜன்னல். "ரெண்டு ரூம் மாமா!" என்றான். அந்த ஊர்க் கணக்கில் இரண்டு ரூம் என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நம் 'டூ பெட்ரூம்' அங்கே மூன்று ரூம். சமையலறையையும் குளியலறையையும் எண்ணுவதே இல்லை.

அப்புறம் சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெள்ளைச் சுவர். சுவரிலிருந்து இரண்டு குழாய் முனையும் ஒரு தடித்த மின்வயரும் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டி இல்லை, அடுப்பு இல்லை, மேடை இல்லை. ஹால் கூரையில் விளக்கில்லை, வயர் மட்டும் தொங்கியது. அங்கே பல வீடுகளில் முன்பிருந்தவர் போகும்போது சமையலறையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால் வருகிறவர் அவரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "சமையக்கட்டு இல்லாததுக்குப் பேரு வீடாடா?"

விளம்பரத்தில் இருந்த 850, 'குளிர் வாடகை'. கால்ட்மீட்ட என்பார்கள், வெறும் இடத்துக்கான காசு. சூடேற்றம், தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து மாதாமாதம் 200 போட்டால் வருவது 'வெப்ப வாடகை'. அந்த 200 கூட முன்பணம்தான். வருஷம் முடிந்து கணக்குப் பார்த்து, நீங்கள் ஹீட்டரைக் கூட எரித்திருந்தால் மேலும் கேட்பார்கள், குறைவென்றால் திருப்புவார்கள். மின்சாரமும் இணையமும் தனியாக நம் பெயரில். போதாததற்கு, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். டிவியே இல்லை என்று நான் ஒரு முறை கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, கூடவே பில்லும்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் மதுரையைவிட அங்கே நிம்மதி. குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். புரோக்கர் கமிஷனும் 2015 ஜூனிலிருந்து யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர் தலையில்தான், அதாவது பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில். இங்கே எங்கள் தெருவில் வீட்டைக் கை காட்டிவிட்டதற்கே ஒரு மாத வாடகை கேட்கிறார்கள்.

ஆனாலும் கூட்டிப் பார்த்தோம். அட்வான்ஸ் முதல் தவணை 850, முதல் மாதம் 1,050, முன்பிருந்தவரின் சமையலறைக்கு அவர் சொன்ன விலை 1,800, கட்டில் மெத்தை விளக்கு வாளி என்று ஆயிரம். 4,700 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாலு லட்சத்து எழுபதாயிரம், முதல் சம்பளம் வருவதற்கு முன்னால். இன்னும் இரண்டு தவணை பாக்கி. வேலை பிடிக்கவில்லை, அல்லது வேலைக்கு இவனைப் பிடிக்கவில்லை என்றால்? முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். வீட்டைக் காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ்.

அதைவிடப் பெரிய தடை, அந்த வீட்டை இவனுக்கு யார் தரப் போகிறார்கள்? கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்ற கடன் நாணயச் சான்று, முந்தைய வீட்டுக்காரரிடம் பாக்கியில்லை என்ற கடிதம், இவை மூன்றும் இன்னும் ஊருக்கே போகாதவனிடம் எங்கிருந்து வரும்? வேலை ஒப்பந்தத்தைக் காட்டலாம், கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது நேரில் வந்து கை குலுக்கியவரை விட்டுவிட்டு மதுரையிலிருந்து மெயில் போட்டவரை ஏன் எடுக்க வேண்டும்? காலி வீடு ஏழாவது மாதத்து விஷயம் என்று மூடிவைத்தோம்.

மிச்சம் இரண்டு. இங்கேதான் உண்மையான போட்டி.

லுட்விக்ஸ்பர்க்கில் இருப்பது வேகே. தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கோர் அறை, சமையலறை பொது என்று வாழ்வது. நம் மேன்ஷன் மாதிரி என்று சொல்ல வந்தேன், அது சரியில்லை. மேன்ஷனில் காசு கொடுத்தால் இடம். வேகேயில் இருப்பவர்களுக்கு உன்னைப் பிடிக்க வேண்டும்.

வீடியோவில் பேட்டி வைத்தார்கள். அங்கே சாயங்காலம் ஆறு மணி, கோடை நேரம் என்பதால் இங்கே ஒன்பதரை. ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி உச்சத்தில். மருமகன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு மாடி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். எதிரில் மூன்று பேர், ஒருவர் கையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினார். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். இவன், "நான் கடின உழைப்பாளி, புதிய தொழில்நுட்பங்களைக் கற்றுக்கொள்வேன்" என்றான். வெங்காயம் நறுக்கியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவனையே பார்த்தார். சேர்ந்து சமைப்பாயா, பாத்திரம் அன்றைக்கே கழுவுவாயா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய், நண்பர்களை அழைத்து வருவாயா. அரை மணி நேரம். மூன்றாம் நாள், 'உன்னோடு பேசியது மகிழ்ச்சி, ஆனால் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று பதில்.

மருமகன் நொந்துபோனான். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நான் மதுரையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டது: எந்த ஊரு, என்ன ஆளுங்க, எத்தனை பேரு, கறி மீன் செய்வீங்களா, விருந்தாளி அடிக்கடி வருவாங்களா. வேகேக்காரர்கள் கேட்டதில் 'என்ன ஆளுங்க' மட்டும் இல்லை. அதுவே பெரிய வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பேட்டிக்கு முழுக்கைச் சட்டை வேண்டாம் என்றேன். ஞாயிறு என்ன செய்வாய் என்றால் உள்ளதைச் சொல், பத்து மணிக்கு எழுந்து பரோட்டா வாங்கப் போவேன் என்று சொல். அடுத்த இரண்டு பேட்டியும் நன்றாகப் போயின. ஒன்றில் பரோட்டா செய்முறைகூடக் கேட்டார்கள். இடம் இரண்டிலும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில், நேரில் வந்து சேர்ந்து ஒரு காபி குடித்தால் முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

வேகேயின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மொழி வேகமாக வரும், குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று காட்டித் தர ஆள் இருக்கும், இணையமும் ஒளிபரப்புக் கட்டணமும் பங்கு பிரியும். லுட்விக்ஸ்பர்க்கிலிருந்து ஃபாயர்பாக் வர ரயில் மாற வேண்டியதில்லை. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டான டாய்ச்லண்ட் டிக்கெட் 2023இல் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ஆக தூரம் கூடினால் நேரம்தான் கூடும், டிக்கெட் காசு கூடாது. அலுவலகம் பக்கத்தில் என்று பார்க்காதே, அலுவலகம் வழியாகப் போகும் ரயில் தடத்தில் பார் என்பது அங்கே வீடு தேடும் எல்லோருக்கும் நான் சொல்வது.

ஆனால் வேகே, ஊருக்குப் போனபிறகு கிடைக்கிற சரக்கு.

மூன்றாவது வீட்டுக்கு வருவோம். இதில் சொல்ல அதிகமில்லை, அதுதான் அதன் சிறப்பு. கட்டில் முதல் கரண்டி வரை இருக்கிறது, 1,250க்குள் மின்சாரமும் இணையமும் அடக்கம், மூன்று மாத ஒப்பந்தம், அட்வான்ஸ் ஒரு மாதம். பதிவு செய்யலாமா என்று இரண்டே வரியில் மெயில் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஜாமான் வைத்த வீடு எல்லாம் பதிவு தரும் என்று நினைக்கக் கூடாது, வாரக்கணக்கில் விடுகிறவர்கள் பலர் தரமாட்டார்கள். 'தருவோம், கடிதம் சாவியோடு வரும்' என்று பதில் வந்தது.

620 அறைக்கும் இதற்கும் மூன்று மாதத்தில் 1,890 யூரோ வித்தியாசம். கிட்டத்தட்ட ரெண்டு லட்சம். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், "ரெண்டு லட்சத்துக்குத் தூங்கப் போறானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பணத்துக்கு வாங்குவது தூக்கம் இல்லை, நேரம். முதல் வாரமே பதிவு, அடுத்து வரி எண், முழுச் சம்பளம், மூன்று சம்பளச் சீட்டு. கூடவே சாயங்காலம் நாலு வேகேயில் போய்க் காபி குடிக்க வசதி. அடுத்த இடம் கேட்டு இவன் போகும்போது இன்றைக்கு இல்லாத காகிதமெல்லாம் கையில் இருக்கும். கம்பெனியிலும் கேட்கச் சொன்னேன், இடம்மாறும் செலவில் ஒரு பகுதி தருவார்கள் என்று தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவர்களாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு வேடிக்கை. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "மாமா, சிட்டிக்கு நடுவுல, ஜாமானோட ரெண்டு ரூம், எல்லாம் சேத்து 500!" வீட்டுக்காரர் இங்கிலாந்தில் டாக்டராம், வந்து காட்ட முடியாதாம், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பியிருந்தார், அது யாருடையதோ. படங்களில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மின்கம்பம் ஜெர்மனிக் கம்பமாகவே எனக்குத் தெரியவில்லை. டாக்டர், கூரியர், சாவி என்ற மூன்று சொல் ஒரே மெயிலில் வந்தால் அழித்துவிடு என்றேன். யாராவது நம் ஆள் நேரில் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல், ஒரு யூரோ போகக் கூடாது.

அந்த 'நம் ஆள்' வேலைதான் போப்ளிங்கன் அண்ணனுக்கு. ஒரு சனிக்கிழமை ஃபாயர்பாக் போய், மணியடித்து, உள்ளே நடந்து வீடியோ எடுத்து அனுப்பினார். குளியலறை மூலையை மட்டும் இரண்டு முறை காட்டச் சொன்னேன். பூஞ்சை. மதுரைக்காரனுக்கு இது தெரியாது, நாம் வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திப் பழகியவர்கள். அங்கே குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உள்ளே சோறு வடித்து, துணியையும் காயப்போட்டால், அந்த ஈரம் போக இடமில்லாமல் சுவரில் கறுப்பாக இறங்கும். தினமும் இரண்டு மூன்று முறை, வெளியே பூஜ்ஜியம் டிகிரி என்றாலும், ஐந்து நிமிஷம் ஜன்னலை முழுசாகத் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. என் இரண்டாவது வீட்டு அட்வான்ஸில் ஒரு பகுதி அந்தக் கறுப்புக்குப் போனது.

இந்த வீட்டு மூலை வெள்ளையாகத்தான் இருந்தது. படிக்கட்டில் ஒரு கதவுக் கைப்பிடியில் சின்னப் பலகை தொங்கியதையும் அண்ணன் எடுத்திருந்தார். கேர்வோகெ. அந்த வட்டாரத்து வழக்கம், பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் படிக்கட்டு கூட்டித் துடைப்பது அவர் முறை. முடித்ததும் அடுத்த கதவுக்கு மாற்றிவிடுவார்கள். அக்காவுக்கு இது உடனே பிடித்துப்போனது. கல்யாணமான புதிதில் காம்பவுண்டு வீட்டில் இருந்தவர், குழாயடி கழுவுவதற்கு முறை வைத்து, முறை தவறியவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்த வரலாறு உண்டு. "மொத வாரமே உன் மொறை வந்தாலும் செஞ்சிரு. அப்பத்தான் மூஞ்சி குடுத்துப் பேசுவாங்க," என்று மகனிடம் சொன்னார். ஜெர்மனியைப் பற்றி ஐந்து வருஷத்தில் நான் கண்டுபிடித்ததை அக்கா புதூரில் இருந்தே சொல்லிவிட்டார்.

ஒப்பந்தம் திங்கட்கிழமை வந்தது. அட்வான்ஸ் வங்கி வழியாகப் போனது. கடைசியில் ஒரு படிவம்: மணிக்கும் தபால் பெட்டிக்கும் ஒட்ட வேண்டிய பெயர், குடும்பப் பெயர் மட்டும். மருமகனுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். எனக்கும் அப்படித்தான், அங்கே இருந்த ஐந்து வருஷமும் என்னை எல்லோரும் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

"யாரு பேரு போடுறது?" என்றார் மச்சான், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு.

"உங்க பேருதான்."

எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். ஒரு 'எச்' விட்டுப்போயிருந்தது. திருத்தச் சொன்னார்.